யெஸ். பாலன்

டெல்லி துவாரகாவில் ஒரு ஆபீஸில் வேலையை விட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்துகொண்டிருந்தேன். சண்டை ஒன்றுமில்லை. ஒரே நாற்காலியில் ரொம்ப நாள் உட்கார எனக்கு வராது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ரோட்டோர தாபா ஓட்டலில் பாத்திரம் கழுவினேன், கூரியர் சுமந்தேன், பஸ் ஸ்டாப்பில் படுத்திருக்கிறேன்.

இந்த ஆபீஸில் தேடல் சாப்ட்வேரை டெஸ்ட் செய்தேன். ஒரு பேரை அடித்தால், பல ஆஸ்பத்திரிகளில் அந்த நோயாளியைத் தேடும். எல்லா ஆஸ்பத்திரி சர்வரையும் கேட்டால் நேரமாகும். அதனால் ஒவ்வொன்றிலும் சாம்பிள் எடுத்து, எந்த மாதிரிப் பேர் எங்கே அதிகம் என்று பார்த்து வைத்திருக்கும். அந்தச் சில சர்வர்களை மட்டும் கேட்கும்.

போன் அடித்தது. கூட வேலை பார்த்த செல்வி.

"அண்ணா, எங்கப்பாவக் காணோம். காலைல ஜனக்புரில வாக்கிங் போனவரு. போனையும் வீட்லயே வச்சிட்டாரு. நம்ம சிஸ்டத்துல பாலன்னு போட்டா ஒண்ணும் வரல."

ஆபீஸுக்குத் திரும்பி ஓடினேன். பாலன் என்றதும் சிஸ்டம் லோதி ரோடு பக்கத்து ஆஸ்பத்திரிகளை மட்டும் கேட்டிருந்தது. சாம்பிளில் தமிழ்ப் பேர்கள் அங்கேதான் அதிகம்.

"எல்லா சர்வரையும் கேளும்மா."

"கேட்டாச்சுண்ணா. எங்கயும் இல்ல."

"அப்பா பேரை எப்படிச் சொல்வாரு? அப்படியே சொல்லு."

"இனிஷியல் இல்லாம சொல்லவே மாட்டாரு. யெஸ் பாலன்."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் எஸ். குமார். கூரியர் கம்பெனி ஹிந்திக்காரர் காதில் 'யெஸ்' யஷ் என்று விழுந்து, அட்டையில் கடைசிவரை யஷ்குமாராகத்தான் இருந்தேன்.

"யஷ்பால்னு அடி."

இந்தத் தடவை சிஸ்டம் பஞ்சாபிகள் அதிகம் வரும் மேற்கு டெல்லி ஆஸ்பத்திரிகளைக் கேட்டது. ஒன்றில் யஷ்பால் என்று ஒரு பெரியவர் இருந்தார். ரோட்டில் விழுந்தவர், பேர் சொன்னதும் மயங்கிவிட்டார், சொந்தக்காரர் யாரும் வரவில்லை.

நாங்கள் போனபோது கண் விழித்திருந்தார்.

"யாருடி இந்த யஷ்பாலு? நர்ஸு வந்து அவனையே கூப்புடுது. பக்கத்து பெட்காரன்னு நெனச்சு நான் பேசாம இருந்துட்டேன்."

"இனிமே இனிஷியல் சொன்னீங்க, அப்புறம் பாருங்க!" செல்வி அழுதுகொண்டே சிரித்தாள்.

எங்கே தேடுவது என்று முடிவு செய்வதற்கு முன், பேர் யார் காதில் விழுந்தது என்று யோசிக்க வேண்டும். அந்த ஆபீஸில் நான் கற்றது இதுதான். அதுவும் வேலையை விட்ட பிறகு.

பேரைத் திருத்த ஆஸ்பத்திரி கவுன்டருக்குப் போனேன். நடந்ததைக் கேட்ட சூப்பர்வைசர் ஹிந்தியில், "தம்பி, தமிழ் தெரிஞ்ச ஆள் எங்களுக்கு வேணும். நாளைக்கே வர்றியா?" என்றார்.

மறுநாள் காலை அந்தக் கவுன்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். அட்டை போட, சூப்பர்வைசர் பேர் கேட்டார்.

"குமார்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.