குத்தாத காது

எனக்கு ஒரு காதில் கம்மல் இருக்கும், மற்றது மூளி. பார்க்கிறவர்கள் கம்மல் எங்கேயோ விழுந்துவிட்டது என்று நினைத்துத் தரையைத் தேடுவார்கள். பழவேற்காட்டுச் சந்தையில் எனக்காகக் குனிந்து தேடாத பொம்பளை கிடையாது. "விழல தாயி, ஓட்டையே இல்ல, போய் வேலையப் பாருங்க" என்று வாய் வலிக்கச் சொல்லியாயிற்று. தலை நரைத்த பிறகும் கேட்கிறார்கள்.

என் நைனா உலாந்தாக்காரர். இங்கிலீசுக்காரர்கள் அவர்களை டச்சுக்காரர் என்பார்கள். துணிக் கிடங்கில் மூட்டைகளைப் பார்த்துக் கப்பலுக்கு அனுப்புகிற வேலை. அம்மா ஏரிக்கு அக்கரையில் இருக்கிற பசியாவரத்து மீனவப் பெண். இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று யாரும் எனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை, கேட்டால் சிரிப்பார்கள். நான் நடக்கப் பழகிய சமயத்திலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு வாரம் முழுக்கப் பசியாவரத்தில் அம்மாவின் அண்ணன் வீடு, ஞாயிற்றுக்கிழமை நைனா வீடு. மாமா என்னைப் படகில் வைத்து ஏரியைத் தாண்டிக் கொண்டுவருவார். நைனா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பார். "இன்னா சாப்ட்ட?" என்பார். அம்மாவிடம் கற்ற தமிழ், அவர் வாயில் சுடுசோறு மாதிரி உருளும். எறா வறுவல் என்றால் அவருக்கு உயிர், தலையைக்கூட விடமாட்டார். அவருடைய ஊர்க்காரர்களின் கல்லறைகளுக்கு நடுவே என்னை ஓடவிட்டு, பிடிக்கத் தெரியாதவர் போலத் துரத்துவார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துபோகிறது. இரண்டு வீட்டிலும் எனக்கென்று ஒரு தட்டு இருந்தது.

அப்புறம் ஊர் இங்கிலீசுக்காரர் கைக்குப் போயிற்று. உலாந்தாக் கொடியை இறக்கினார்கள். நைனாவுக்கு இங்கே வேலையும் இல்லை, குடியிருந்த வீடும் இல்லை. கடலுக்கு அப்பால் உலாந்தாக்காரர் ஆண்ட படேவியாவுக்குக் கப்பல் ஏறினால்தான் பிழைப்பு. மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார்.

மாமா குதித்தார். நேரே இங்கிலீசு அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"என் தங்கச்சி வயித்துல பொறந்த கொயந்த, தொரை. கடலுக்கு அந்தாண்ட யாரு பாப்பாங்க இத்த?"

"பெத்தவன் நான்" என்றார் நைனா.

தகப்பன் சொன்னால் சொன்னதுதான் என்று அதிகாரி முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதுவரை நைனாவை வாய் நிறைய மச்சான் என்று கூப்பிட்ட மாமா, அன்றிலிருந்து அவரையும் தொரை என்றே கூப்பிட்டார்.

அதிகாரியிடம் தோற்றவர் சும்மா இருந்தாரா? எங்களில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவார்கள். குத்திவிட்டால் அந்தப் பிள்ளையின் நல்லது கெட்டதுக்கெல்லாம் மாமன் முன்னால் நிற்கவேண்டும். எங்கள் வீட்டில் பெண் எடுத்த நைனாவுக்கும் அது தெரியும். மடியில் வைத்துக் குத்திய பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போக அவருக்கு மனசு வராது என்று மாமா நினைத்துவிட்டார். நாள் பார்க்கவில்லை, சொந்தபந்தத்துக்குச் சொல்லவில்லை. பத்தரைக் கூப்பிட்டு, என் வாயில் வெல்லத்தைத் திணித்து, மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒரு காது முடிந்தது. மறு காதைப் பத்தர் தொடும்போது நைனா வந்துவிட்டார். யார் போய்ச் சொன்னார்களோ!

"நிறுத்து!"

பத்தரின் கை அப்படியே நின்றது.

"ஒண்ணு ஆயிப்போச்சு தொரை. இன்னும் ஒண்ணுதான்" என்றார் மாமா.

நைனா என்னை வாரித் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் சட்டைத் தோளெல்லாம் என் காது ரத்தம். நானோ "மாமா, மாமா" என்று ஊரைக் கூட்டினேன். பெற்றவர் தோளில் இருந்துகொண்டு அப்படி அலறினேனே, அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

கப்பல் வந்து கடலில் தள்ளி நின்றது. முகத்துவாரத்து அலையைத் தாண்டி ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க எங்கள் ஆட்களின் படகுதான் வேண்டும். அன்றைக்கு மாமாவுக்காக ஒருத்தரும் படகை இறக்கவில்லை. நைனா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் நின்றார். காது வீங்கி எனக்கு நல்ல காய்ச்சல்.

கடைசியில் மாமாவே வந்தார். "எங்க வூட்டுப் பொண்ணு. நானே இட்டுனு போறேன்" என்று படகைத் தள்ளினார்.

நைனா நூலேணியில் இரண்டு படி ஏறி அங்கிருந்தே கையை நீட்டினார். மாமா என்னைத் தலைக்கு மேலே தூக்கிக் கொடுத்தார். ஒளிக்கவும் இல்லை, இழுத்துப் பிடிக்கவும் இல்லை.

"ஒடம்பு கொதிக்குது மச்சான். கஞ்சி மட்டும் குடு. மருந்தை வெல்லத்துல கொயச்சாத்தான் முயுங்குவா. ராத்திரியில முதுகத் தட்டிக்கினே இருக்கணும், நிறுத்துனா முழிச்சுக்குவா. எறா குடுக்காத, இவளுக்கு ஆவாது."

நைனாவின் கை என் முதுகில் நின்றுபோனது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை தன் தட்டிலிருந்து எனக்கு எறா ஊட்டியிருப்பார்! "இதெல்லாம் எனக்குத் தெரியாதே, மச்சான்" என்றார். என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அப்புறம் குனிந்து என்னை மாமா கையிலேயே திருப்பிக் கொடுத்தார். என் குத்தாத காதைத் தொட்டு, "இத யாரும் குத்தக் கூடாது. நான் வந்துதான் குத்தணும்" என்றார். மாமா தலையாட்டினார்.

போனவர் போனவர்தான். இரண்டு பேர் மேலும் எனக்கு ரொம்ப நாள் ஆத்திரம். கொடுக்கவும் வாங்கவும் நான் என்ன மீன் கூடையா? என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

என் கல்யாணத்தன்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றாள். மூளிக்காதோடு மருமகள் வேண்டாமாம். பத்தரும் ஊசியோடு வந்துவிட்டார். நைனா உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஊசியைத் தட்டிவிட்டவர் யார் தெரியுமா? அன்றைக்கு என்னை மடியில் அமுக்கிப் பிடித்த அதே மாமா.

"அது அவ அப்பன் காது. பெத்தவன் வந்து குத்துவான். அதுல கை வெக்க எனக்கு உரிமை இல்ல. இஷ்டமில்லாதவங்க எழுந்து போங்க."

கப்பலடியில் காய்ச்சலில் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த நான், மணையில் உட்கார்ந்து "நைனா, நைனா" என்று அழுதேன்.