நாயின் காலும் என் வாயும்

எனக்கு எழுபத்தாறு வயது. நான் பெற்றது நான்கு, கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். அம்மை போட்டுப் படுத்தவர்களும் உண்டு, மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டவர்களும் உண்டு. ஒருவருடைய வைத்தியத்துக்கும் நான் அல்லாடவில்லை. போன கோடையில் ஒரு நாய் என்னை அல்லாட வைத்துவிட்டது.

நாங்கள் இருப்பது வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில், தோட்டத்து வீட்டில். வாசலை ஒட்டியே சிமெண்டுக் களம். தேங்காயை உடைத்து அதில்தான் கொப்பரை காயப்போடுகிறோம். மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பகலெல்லாம் களத்துக்கு நான்தான் காவல். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். காலடியில் நாய் படுத்திருக்கும். செவலை நிறம், நாட்டு நாய்.

சித்திரையில் அது நொண்ட ஆரம்பித்தது. காலைத் தூக்கிப் பார்த்தேன். பாதத்தில் கறுப்பாக மெத்தைபோல இருக்குமே, அது நான்கு காலிலும் என் குதிகாலைப் போலவே வெடித்துக் கிடந்தது. முன்னங்காலில் ஒரு வெடிப்புக்குள் ரத்தம் தெரிந்தது.

இதற்கெல்லாம் டாக்டரா என்று, தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். நான் கையைத் துடைப்பதற்குள் நக்கித் தின்றுவிட்டது. மறுபடி தடவினேன், மறுபடி நக்கியது. கொப்பரைக் களத்தில் வளர்ந்த நாய் தேங்காய் எண்ணெயை விடுமா? கசந்தால் நக்காது என்று வேப்பெண்ணெய் போட்டேன். அதையும் நக்கி, பெருக்கிய வாசலில் வாந்தி எடுத்து வைத்தது. துணி சுற்றினேன், கடித்துப் போட்டது. ஈரோட்டுக்குப் போன மகன் சின்னக் குழந்தைகள் போடுகிற சாக்ஸ் நான்கு வாங்கிவந்து மாட்டினான். மறுநாள் மூன்றுதான் இருந்தன. நான்காவதை இன்றுவரை தேடுகிறோம்.

"செருப்புத் தெச்சுப் போட்டறலாமுங்கம்மா" என்றான் மகன், சிரித்துக்கொண்டே.

"மொதல்ல உன்ற வாய்க்கு ஒண்ணு தெச்சுப் போடோணும்" என்றேன்.

ஒருநாள் காலை சோற்றுத் தட்டை வைத்துக் கூப்பிட்டேன். எழுந்து ஓரடி வைத்தது, உட்கார்ந்துவிட்டது. கூப்பிட்ட குரலுக்கு வருவது இந்த வீட்டில் அது ஒன்றுதான். இனி நடக்காமலே போய்விடுமோ என்று பயந்து மகனைக் கூப்பிட்டேன். மகன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனான். நானும் போனேன். டாக்டர், என் பேத்தி வயதுப் பெண்.

"ஏனுங்கம்மா, மத்தியானத்துல இது சுடுற சிமெண்டுல நடக்குதுங்களா?"

"அதெல்லாம் இல்லை அம்மணி. நாள் பூரா நெழல்ல என்ற காலடியிலதான் கெடக்கும்."

"இது சூட்டுல வெந்த காலுங்கம்மா. நக்க நக்க இன்னும் வெடிக்கும். வெதுவெதுன்னு தண்ணியில கழுவி, வெரலிடுக்குல ஈரமில்லாமத் தொடச்சு, இந்தக் களிம்பைப் போடுங்க. கால் மணி நேரம் நக்க வுடாமப் புடிச்சுக்குங்க. வெயில்ல எறங்க வுட்றாதீங்க."

ஆறு பேரை வளர்த்தவளிடம் இதைச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம். களிம்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் கொப்பரையில் காக்கைகள் இறங்கின. "ஊய்" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். என் சத்தம் மூன்று தோட்டத்துக்குக் கேட்கும். காலையில் சோற்றுக்கு நடக்க முடியாத நாய் இதற்கு எழுந்தது. களத்தின் அந்தக் கோடிவரை ஓடிக் காக்கைகளைக் கிளப்பியது. பிறகு ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்துத் திரும்பி வந்து, என் காலடியில் படுத்து நக்கத் தொடங்கியது.

ஒரு நாளைக்கு எத்தனை "ஊய்" போட்டிருப்பேன்? கோடை முழுக்க அது ஓடியதும் என் எதிரில்தான். என் கண்தான் காக்கைமேல் இருந்தது.

கட்டிப்போட்டேன். சத்தம் கேட்டதும் சங்கிலியை இழுத்துக் காலைத் தேய்த்தது. வீட்டுக்குள் விட்டுச் சாத்தினேன். கதவைப் பிறாண்டியது. கடைசியில் என் வாயைத்தான் சாத்த வேண்டும் என்று ஆயிற்று. அதைப்போல ஒரு தொல்லை நான் பட்டதில்லை. காக்கை கண்ணெதிரே கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போகும். நாயை உள்ளே விட்டுவிட்டு, பல்லைக் கடித்தபடி செருப்பை மாட்டி, குச்சியோடு நானே வெயிலில் நடப்பேன். நான் பாதிக் களம் போவதற்குள் அவை தின்று முடித்திருக்கும்.

சாயங்காலம் கழுவி, துடைத்து, களிம்பு போட்டு, அதன் மூஞ்சியை மடியில் அழுத்திப் பிடித்து உட்காருவேன். என்னையே பார்க்கும். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

எட்டாம் நாள் மறந்துபோய்ச் சத்தம் போட்டுவிட்டேன். உள்ளே நாய் கதவுக்கு ஓடிய ஓட்டத்தில் ஆறி வந்த வெடிப்பு பிளந்து, கதவின் கீழெல்லாம் ரத்தம். மகன் வந்து பார்த்தான், ஒரு பழந்துணியை எடுத்து என்னிடம் நீட்டினான். திட்டியிருந்தாலாவது திருப்பிக் கொடுத்திருப்பேன். துணியை நனைத்துக் கதவைத் துடைத்துவிட்டு, மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கினேன்.

ஆடிக்காற்று தொடங்குவதற்குள் நான்கு காலிலும் வெடிப்பு மூடிவிட்டது. இப்போது தட்டுச் சத்தத்துக்கே ஓடி வருகிறது. களத்துக்கு மகன் வலை போட்டுவிட்டான். அந்த டாக்டர் பெண் சொன்னது சரி என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் பேத்தி. நாய் எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்திருக்கிறது.

கண்ணு, மொதல்ல இருந்து ஒருக்காப் படிச்சுக் காட்டு. அந்த "ஊய்" வர்ற எடத்தை மட்டும் சத்தமில்லாமப் படி. இது இப்பத்தான் கண்ணசந்துருக்குது.