காதர் பாய் நகர்த்த மறுத்த கோடு

மார்கழிக் காலை. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் டீக்குச் சொல்லிவிட்டு நின்றிருந்தேன். கடைக்காரர் கிளாஸை நீட்டாமலே கேட்டார்: "சார், சேதி தெரியுமா? நம்ம காதர் பாய் மௌத்தாயிட்டாரு. ஓசூர்ல, மக வூட்ல. அசர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறாங்க." டீயைக் குடிக்காமலே ஓசூர் பஸ்ஸில் ஏறினேன்.

உங்களில் பலருக்கு அவர் புளி மண்டிக்காரர் மட்டும்தான். அதற்கு முன்பு ஓசூரில் ஒரு தற்காலிக அலுவலகத்தில் நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். நாட்டைத் தட்பவெப்பப் பகுதிகளாகப் பிரிக்கும் வேலை. இந்தப் பக்கம் எங்கள் பங்குக்கு வந்தது. ஒவ்வோர் ஊரின் மழையையும் வெப்பத்தையும் மாதவாரியாக எடுத்து, எந்தெந்த ஊர்கள் சேர்ந்தாற்போல ஏறி இறங்குகின்றன என்று கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினில் பார்ப்போம். ஒத்துப்போகிற ஊர்கள் ஒரு பகுதி. "முடிவை மனசுல வெச்சுக்கிட்டுச் சுத்தாதீங்க" என்பார் பாய். அப்படியே சுற்றியதில் ஓசூர் மைசூர் மேட்டோடு சேர்ந்தது, கிருஷ்ணகிரி சேலத்தோடு. நடுவில் சூளகிரிப் பக்கம் கோடு விழுந்தது.

மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரிப்பதில் எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் படம் வரைபவர் சர்வே வேலையில் பழகியவர். கைப்பழக்கத்தில் இந்தக் கோட்டையும் ராஜ்ய எல்லை மாதிரியே சிறுகோடும் புள்ளியுமாகப் போட்டு, மை காய வராந்தாவில் விரித்துவிட்டார். மத்தியானத்துக்குள் சந்தைக் கூட்டம் வாசலில் நின்றது.

"ஓசூரை மைசூருக்கு எழுதிக் குடுத்துட்டானுங்க!"

ஜன்னலில் கல் விழுந்தது.

உள்ளே, அன்று ஜீப்பில் வந்திருந்த மேலதிகாரி பாயிடம் சீறினார். "கோட்டை ராஜ்ய எல்லைக்குத் தள்ளிடு. ஓசூரைச் சேலத்தோட சேர்த்துடு. இல்லேன்னா உனக்கு வேலை நீட்டிப்பு கிடையாது."

பாய் பிள்ளைகுட்டிக்காரர். படத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன், நிற்கவில்லை.

முன்னால் தடியோடு நின்றவர் உத்தனப்பள்ளி முனியப்பன். தோளில் கம்பளி.

"முனியப்பண்ணா, கிருஷ்ணகிரி பஸ்ல போறப்ப இந்தக் கம்பளிய எங்க கழட்டுவீங்க?"

"அது எதுக்குய்யா இப்ப?"

"சொல்லுங்களேன்."

"சூளகிரி தாண்டுனா வேர்க்கும். கழட்டி மடியில வெச்சுக்குவேன்."

"அங்கதான் இந்தக் கோடு. கம்பளிய கழட்டுனதும் நீங்க வேற ராஜ்யம் ஆயிட்டீங்களா?"

அடுத்த கல் வரப்போகிறது என்றே நினைத்தேன். பின்னாலிருந்து யாரோ தெலுங்கில் முனியப்பனைக் கிண்டல் செய்ய, சிரிப்பு கிளம்பியது. முனியப்பன் சிரிக்கவில்லை, ஆனால் தடியைத் தாழ்த்தினார்.

உள்ளே வந்து பாய் சொன்னார்: "புள்ளி வெச்சது தப்பு சார். நீல மையில வேற மாதிரி போட்டுடறோம். எடத்தை மாத்த மாட்டேன்."

கூட்டம் கலைந்துவிட்டதால் அதிகாரி படத்தை விட்டுவிட்டார். பாயை விடவில்லை. நீட்டிப்பு வரவில்லை, அண்ணனின் புளி மண்டியில் போய் உட்கார்ந்தார். அந்த அதிகாரி மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. பாய் ஒருநாளும் அவரைத் திட்டி நான் கேட்டதில்லை.

நான் ஏறிய ஓசூர் பஸ் சூளகிரி மேட்டில் திணறியபோது, முன் சீட்டுக்காரர் மடியிலிருந்த கம்பளியை உதறிப் போர்த்திக்கொண்டார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அங்கே வந்துவிட்டது. பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இடம்தான். அவர் போட்ட கோடு அங்கேயே இருக்கிறது.