நோவை நம்பியவர்

“மிஸ் எங்களை விட்டிட்டுப் போட்டா, டொக்டர்.” ஞாயிறு காலை குருநகர் அந்தோனி தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான். அரியாலையில், அவர் ‘மிஸ்’ என்று அழைக்கும் சிவகௌரி அக்காவின் வீட்டுக்கு மீன் கொண்டுபோனவர், வாசலில் கூடியிருந்தவர்களைக் கண்டு அங்கிருந்தே அழைத்திருந்தார்.

அக்கா மருத்துவ பீடத்தில் விரிவுரையாளர். முள்ளந்தண்டு வடத்தில் நோ, அதாவது வலி, எப்படிக் கூடுகிறது, எப்படித் தணிகிறது என்று எலிகளில் ஆராய்ந்தவர். நான் ஆஸ்பத்திரியில் நோவுக்கான கிளினிக் நடத்துபவன். புதன்கிழமைகளில் அக்கா அங்கே வந்து ஒரு மூலையில் இருப்பார். “எலி கதைக்காது. இஞ்சை வாறவை கதைக்கினம். அதைக் கேக்க வாறன்” என்பார்.

அப்படியொரு புதனில்தான் அந்தோனி முதன்முதலாக வந்தார். ஷெல் துண்டு பட்ட இடக்கை ஆறிப் பல வருடங்கள். ஆனாலும் துணி பட்டால் நெருப்பாக எரிகிறது என்று, ஒரு பக்கக் கையை வெட்டிய சட்டையோடு இருந்தார். பரிசோதனைகளில் எதுவும் தெரியவில்லை. “உங்களுக்கு ஒண்டுமில்லை, யோசியாதையுங்கோ” என்றேன். அவர் தலையைக் குனிந்தபடி எழுந்தார்.

அக்கா அவரை மறுபடி இருத்தினார். “எங்கடை முள்ளந்தண்டுக்குள்ளை காவல் செல்கள் இருக்கு. கிருமி வந்தா அறியிறதுக்கு அதுகளிலை ஏற்பிகள் இருக்கு. நரம்பு காயப்பட்டாலும் அந்த ஏற்பிகள் விழிச்சிடும். பிறகு அந்தச் செல்கள் விடுற இரசாயனத்தாலை, நோவைக் கடத்துற நரம்புகள் சின்னத் தொடுகைக்கும் துடிக்கும். சிலருக்குக் காயம் மாறினாப் பிறகும் அது அடங்காது. உங்களுக்கும் அப்பிடி இருக்கலாம், நிச்சயமாச் சொல்லமாட்டன். ஆனா உங்கடை நோ பொய்யில்லை.”

அந்தோனி அழுதுவிட்டார். “என்ரை மனிசியே நம்பேல்லை, மிஸ். இதுக்கு மருந்து வருமோ?”

“அந்த ஏற்பிகளை அடக்கலாமோ எண்டு பாக்கிறம். இன்னும் தெரியாது.”

எந்த நம்பிக்கையையும் அக்கா கூட்டிச் சொன்னதில்லை. பத்திரிகைக்காரர் ஒருவர் ‘தீராத நோவுக்குத் தீர்வு’ என்று தலைப்பிடக் கேட்டபோது, “எலிக்கு நடந்ததை மனிசருக்கு நடந்ததெண்டு போடாதையுங்கோ” என்று பேட்டியையே நிறுத்திவிட்டார். நான் கொடுத்த மாத்திரையில் அந்தோனிக்குப் பாதி நோதான் குறைந்தது. ஆனாலும் ஞாயிறு தவறாமல் அவர் மீன் கொண்டுபோனது அக்காவுக்குத்தான்.

பிறகு அக்காவுக்கே புற்றுநோய் முள்ளந்தண்டில் பரவியது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவந்தேன். மூன்றாம் முறை போனபோது, “நோ குறையேல்லை” என்றார். என் கையில் மருந்துக் குறிப்பு இருந்தது.

“இந்த அளவுக்கு இப்ப குறைஞ்சிருக்கவேணுமே, அக்கா.”

“உம்மடை கணக்குக்குக் குறைஞ்சிருக்கும். எனக்குக் குறையேல்லை.”

நாளைவரை பார்ப்போம் என்று சொல்லி வந்துவிட்டேன். மறுநாள் காலை போனபோது தலையணையின் ஓரம் பல்லால் கடிபட்டுக் கிழிந்திருந்தது. மோர்ஃபினைக் கூட்டினேன். நித்திரையாகி எழும்பியவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“என்னட்டைக் கேட்டு என்ன செய்யிறது? அடுத்து வாற ஆளை நம்பும்” என்றார். அதன்பின் இரண்டு கிழமைகள்தான் உயிரோடு இருந்தார்.

அவருடைய ஆய்வுகளை மாணவர்கள் தொடர்வார்கள். இந்த அஞ்சலியை வாசிக்கும், அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய சொல் ஒன்றாவது இருக்கும். நான் இப்போது மருந்துக் குறிப்பைத் திறக்குமுன் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறேன். அக்காவிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது, அவரை நம்பாமல் நான் வீடு திரும்பிய அந்த ஒரு நாள்.