குட்டி மகாராணியின் வாயில் ஒட்டிய சீட்டு

பினாங்கில் யாரும் ஆள்காட்டி விரலை நீட்டி எதையும் காட்டுவதில்லை. வலது கை விரல்களை மடக்கி, கட்டைவிரலை மட்டும் மேலே வைத்து, பணிவாக நீட்டிக் காட்டுகிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கழிப்பறை எந்தப் பக்கம் என்று எங்கள் மேற்பார்வையாளரான மலாய்க்காரப் பெண்மணியிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கட்டைவிரலைக் காட்டினார். புதிதாக வந்தவளைப் பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் கட்டைவிரலைக் காட்டிச் சிரித்துவிட்டு அங்கேயே நின்றேன். அவர் மறுபடி காட்டினார். நானும் மறுபடி காட்டினேன். கடைசியில் அவரே என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டார். விரல் நீட்டுவது இங்கே மரியாதைக் குறைவு என்று பிறகுதான் தெரிந்தது. சிவகாசியில் நான் விரல் நீட்டாமல் பேசிய நாளே கிடையாது. இங்கே இரண்டு வருஷத்தில் என் கை நன்றாக அடங்கிவிட்டது.

அதனால்தானோ என்னவோ, சௌரஸ்தா சந்தை மாடியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தப் படப்புத்தகத்தைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அட்டையில் ஆறு வயதுப் பெண்பிள்ளை. ஒரு பக்கம் சாய்ந்த கிரீடம், ஒற்றைக் காலில் மட்டும் செருப்பு. அட்டைக்கு வெளியே நிற்கிற என்னைப் பார்த்து ஆள்காட்டி விரலை நேராக நீட்டிக்கொண்டிருந்தாள். ஆங்கிலப் புத்தகம், மொத்தம் ஏழு பாகம். ஏதோ ஒரு நாட்டு ராஜாவின் மகள். எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரு கேள்வி, கேள்வி முடிந்ததும் ‘எனக்கு அது வேணும்’. காவல்காரனுக்கு முழங்கால் இருக்கிறதா என்று அவன் உடுப்பைத் தூக்கிப் பார்ப்பாள். தாமரைக் குளத்தைத் தன் படுக்கையறைக்குக் கொண்டுவரச் சொல்வாள். மந்திரி தும்மினால், அந்தத் தும்மல் எங்கே போனது, பிடித்து வா என்பாள். நான் அவளுக்குக் குட்டி மகாராணி என்று பெயர் வைத்தேன். கடையில் நின்றபடியே மூன்று பாகங்களைப் படித்துச் சிரித்தேன். நாலாவதைப் படிக்கும்போது அழுகை வந்துவிட்டது. கடைக்காரர் என்ன நினைத்தாரோ, கேட்காமலே விலையைக் குறைத்துக் கொடுத்தார்.

என் மகள் ஆதிரை அப்படித்தான் இருந்தாள். சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில் நாள்காட்டி அச்சடிப்பார்கள். நாலு வயதில் ஒரு நாள் அவளை அங்கே கூட்டிப் போனேன். இன்னும் வராத தேதியை எப்படி இப்போதே அச்சடிக்கிறீர்கள், அது வராமல் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று போர்மேனைப் பிடித்துக்கொண்டாள். அவர் திணறிப்போய் என்னைப் பார்த்தார். பிறகு தன் பிறந்தநாள் தேதி மட்டும் முந்நூற்று அறுபத்தைந்து தாள் வேண்டும் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் என் சேலை முந்தானை கிழிந்தது. அன்றைக்கு அவளுக்கு இரண்டு அடியும் கொடுத்தேன். எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது.

என் கணவர் ஓமானில் இருக்கிறார். எனக்கு புக்கிட் தெங்காவில் லேபிள் அச்சடிக்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது, ஆதிரையை சாத்தூரில் கணவரின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அண்ணி தங்கமானவர். பிள்ளையில்லாத வீடு, ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டார். ஆனாலும் அடுத்தவர் வீட்டில் வளர்கிற பிள்ளை அடம் பிடிக்கக் கூடாது என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. இவளால் அண்ணிக்கு அலுப்புத் தட்டினால் என்ன ஆகும்? பாதியில் விட்டுவிட்டு ஓட முடியாத வேலை இது. வாசற்படியில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் சொன்ன கடைசி வார்த்தை, ‘அத்தையை எதுவும் கேட்டுத் தொந்தரவு பண்ணாதே’ என்பதுதான். உன்னைப் பார்க்காமல் எப்படி இருப்பேன் என்று அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாஸ் பாட்டில் லேபிளில் ஒரு வரி தப்பாகிவிட்டால் அத்தனையையும் எரிப்பதில்லை. சரியான வரியைச் சின்னச் சீட்டாக அச்சடித்து, தப்பின் மேல் ஒட்டி மறைத்துவிடுவோம். அது நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. குட்டி மகாராணிக்கும் அதையே செய்தேன். ஆங்கில வரிகளின் மேல் தமிழில் எழுதிய சீட்டுகளை ஒட்டினேன். மொழிபெயர்ப்பு என்றுதான் ஆரம்பித்தேன். முதல் ‘எனக்கு வேணும்’ வந்தபோது கை நின்றது. இதைப் படித்துவிட்டு ஆதிரை அண்ணியிடம் அடம் பிடித்தால்? ‘பரவாயில்லை, அப்புறம் பார்க்கலாம்’ என்று எழுதி ஒட்டினேன். குளம் கேட்ட இடத்தில் ‘குளம் அங்கேயே இருக்கட்டும்’. தும்மல் கேட்ட இடத்தில் ‘மந்திரி மாமா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’. படத்தில் காலை உதைத்துக்கொண்டு வாயை அகலத் திறந்திருப்பாள், கீழே ‘பரவாயில்லை’ என்று இருக்கும். ஊருக்குப் போகிறவர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தனுப்பினேன். நாலு பாகம் போய்ச் சேர்ந்தது.

ஐந்தாவது பாகத்தை லெட்சுமியிடம் காட்டினேன். அவள் என்னோடு வேலை பார்ப்பவள், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி ஜார்ஜ் டவுனுக்கு வந்தவள். காலையில் தீவிலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி வேனில் கடல் பாலத்தைக் கடக்கும்போது அவள் மகள் ஆறு தடவை போன் பண்ணுவாள். அன்றைக்கும் பண்ணினாள்.

“மீ கோரேங் வேணுமாம், முட்ட ரெண்டு வேணுமாம், காரம் கூடாதாம். ஒடம்புல உசுரு இருக்கான்னு ஒரு வார்த்த கேக்கல லா,” என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தைப் பிரித்தாள். தமிழ்ப் பள்ளியில் படித்தவள், சீட்டுகளை உரக்கப் படித்தாள். படத்தைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தைத் தூக்கி வேன் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். அடியில் இருந்த ஆங்கில எழுத்துகள் தெரிந்தன.

“என்னாக்கா இது? இந்தப் புள்ள இவ்ளோ டெகில், அடம் புடிச்சி வேணும் வேணும்னு கத்துறா. நீங்க அத வாய மூடி ஒட்டிட்டீங்க!”

“அடுத்தவங்க வீட்ல இருக்கிற பிள்ளை, லெட்சுமி.”

“இருக்கட்டும் லா. புள்ள அம்மாட்ட கேக்காம யாருட்ட கேக்கும்?”

வேன் பாலத்தைத் தாண்டி புக்கிட் தெங்கா வரும்வரை கடந்த சில மாதங்களை நினைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். ஆதிரை என்னிடம் கடைசியாக எதைக் கேட்டாள்? பொம்மை அனுப்பவா என்றால், பரவாயில்லம்மா. புது கவுன்? இருக்கும்மா. உங்க உடம்பைப் பார்த்துக்கங்க. வீடு தேடி வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி பேசினாள். பிள்ளை பொறுப்பாகிவிட்டாள் என்று நான் லெட்சுமியிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அன்று முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை. என் பிள்ளையை நானே எனக்கு அந்நியமாக்கிவிட்டேன் என்றே திரும்பத் திரும்பத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டுக் கடையில் வரிசையில் நின்றபடியே போன் பண்ணினேன். ஊரில் அப்போது எட்டேகால். ஆதிரை எடுத்தாள்.

“ஆதிரை, அம்மாட்ட என்ன வேணும்னு கேளுடா. எது வேணும்னாலும் கேளு.”

“எதுவும் வேணாம்மா. நீங்க சாப்டீங்களா?”

“கோவிச்சுக்க மாட்டேன். அடம் பிடி. கத்து.”

“பரவாயில்லம்மா,” என்று மெல்லச் சொல்லிவிட்டு அண்ணியிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். புத்தகத்தில் நான் எழுதியது பொய், அந்தப் பெண் உண்மையில் பொல்லாதவள், சீட்டுகளைக் கிழித்துவிட்டு ஆதிரைக்கு ஒழுங்காகப் படித்துக் காட்டுங்கள் என்றேன். அண்ணி சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“அட நீ வேற. இவளா சாது? நேத்து மழையில நனைஞ்ச நாய்க்குட்டிய என் சேலையில சுத்தி, பீரோவுக்குள்ள வச்சிருக்கா. எடுத்தா வீடு ரெண்டாகுது. தெனம் ஒரு ரகளை.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணி?”

“சொன்னா நீ அங்க கெடந்து தவிப்பியேன்னுதான் சொல்லல.” அண்ணி குரலைத் தணித்துக்கொண்டார். “அம்மாகிட்ட மட்டும் ஏன்டி இப்படிப் பேசுறேன்னு அவகிட்ட நானும் கேட்டேன். அம்மா அனுப்பின புஸ்தகத்துல அந்தப் பிள்ளை அப்படித்தான் பேசுது, அம்மாவுக்கு அந்தப் பிள்ளையத்தான் பிடிக்கும்ங்கிறா.”

பயம் விட்டுப்போனது, அது உண்மை. என் மகளுக்குக் கேட்கத் தெரிந்திருக்கிறது, அவள் கேட்டதைக் கொடுக்க ஆளும் இருக்கிறது. அண்ணிக்கு நூறு கும்பிடு போடலாம். ஆனால் எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தக் கிழிந்த முந்தானைக்காக ஏங்கினேன்.

“சீட்டு எதையும் கிழிக்காதீங்க அண்ணி, தாளோட வந்துரும். நானே அவகிட்ட சொல்றேன்,” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தூரத்திலிருந்து ஒரு கத்தல் கேட்டது.

“அத்தை! நெய்த்தோசை வேணும்! மொறுமொறுன்னு வேணும்! இப்பவே வேணும்!”

“கேட்டியா உன் பிள்ளைய?” என்ற அண்ணி, போனை அப்படியே அடுப்பு மேடையில் வைத்துவிட்டார் போலிருக்கிறது. நான் துண்டிக்கவில்லை. பாத்திரச் சத்தம், குட்டிக் கால்கள் ஓடுகிற சத்தம், “கருக விடாத அத்தை!” என்கிற அதட்டல். காதோடு போனை அழுத்திக்கொண்டேன்.

வரிசை நகர்ந்து நான் முன்னால் வந்திருந்தேன். “என்னா வேணும்க்கா?” என்றார் கடைக்காரர்.

“ஒரு நெய்த்தோசை.”

“தோச முடிஞ்சிருச்சிக்கா. மணி பதினொண்ணு ஆவப் போவுது லா, ரொட்டி சானாய் போடவா?”

அங்கே அப்போதுதான் அண்ணி கல்லில் மாவை ஊற்றினார். சொய்யென்று சத்தம் கேட்டது.