உடையப்பனின் மடக்கிய கை

"இந்தக் கை மடக்குனபடியே பொறந்த கைடா. எவன் முன்னாடியும் விரிஞ்சதில்ல, விரியவும் செய்யாது."

வளைகுடாவின் ருவைஸ் தொழிலாளர் கேம்ப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் உடையப்பன் இவ்வாறு முழங்கியபோது, ஒருவன் மேசைக்கு அடியில் தவழ்ந்து தன் முன்பல்லைத் தேடிக்கொண்டிருந்தான். எனவே முழக்கத்தை யாரும் மறுக்கவில்லை.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து 2001இல் வந்தவர் அவர். சுத்திகரிப்பு ஆலையில் உயரமான குழாய்களைச் சுற்றிச் சாரம் கட்டுவது தொழில், அடிப்பது கலை. கழிப்பறை வரிசைக்காக ஒரு மூக்கு, டிவி ரிமோட்டுக்காக இரண்டு விலா எலும்புகள், சாம்பாரில் முருங்கைக்காய் குறைந்ததற்காகச் சமையல்காரரின் தோள்மீது வளைந்துபோன கரண்டி என அவருடைய சாதனைகள் கேம்ப் முழுவதும் நொண்டியபடி நடமாடின.

2006இல் வீசிய மணற்காற்றுதான் அவரைத் திருப்பி அடித்த முதல் எதிரி. நெஞ்சுக்குள் விசில் அடித்தது. நாலு படி ஏறியதும் நாக்குத் தள்ளியது. கேம்ப் கிளினிக்கில் இருந்த டாக்டர் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் அவருடைய நெஞ்சு உயரம்கூட இல்லை.

"ஆஸ்துமா. இது ஸ்டீராய்டு மாத்திரை. தினம் காலைல சாப்பிட்டதும் எட்டு மாத்திரை, எட்டையும் சேர்த்துப் போடணும். அஞ்சு நாள். நடுவுல சரியான மாதிரி இருந்தாலும் நிறுத்தாதீங்க. முடிஞ்சதுக்கு அப்புறம் நீங்களா கடையில வாங்கித் தின்னாதீங்க. தூக்கம் கெடும், பசி எடுக்கும், கொஞ்சம் கோவமும் வரலாம்."

அவர் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான்.

அன்றே ஒருவனைச் சுவரோடு சேர்த்து அறைந்துவிட்டு, "டாக்டரே சொல்லிட்டாங்கடா! அடிக்கிறது மாத்திரை, நான் இல்ல," என்றார். மருத்துவ விஞ்ஞானத்தை அதற்கு முன் யாரும் இவ்வளவு பக்தியோடு மேற்கோள் காட்டியதில்லை.

இரண்டு காலைகளில் விசில் நின்றது. மீதி மாத்திரைகளை அறையில் பிரித்துக் கொடுத்துவிட்டார். எங்கள் அறைகளில் அது வழக்கம். ஊரிலிருந்து வந்த ஊறுகாயைப் போல மாத்திரையும் பொதுச்சொத்து. பக்கத்துக் கட்டில் வைரவனுக்கு மூட்டுவலிக்குக் கொஞ்சம், எதிர்க்கட்டில் செய்கு முகம்மதுவுக்கு முதுகுவலிக்குக் கொஞ்சம்.

செய்கு முகம்மது சர்க்கரைக்காரர். இந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்பது கொடுத்த வள்ளலுக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. மனிதர் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், கழிப்பறையிலேயே குடியிருந்தார். ஒருநாள் டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் கதவு திறக்கவில்லை. திறந்ததும் உடையப்பனின் குத்து அவருடைய தாடையில் இறங்கியது.

"என்னைக் குத்தம் சொல்லாத பாய். மாத்திரை அடிக்குது."

வைரவன் குறுக்கே வந்தான். "அண்ணே, ரெண்டு நாளா உங்க மாத்திரை எங்க வயித்துலதான இருக்கு? அப்ப இப்ப அடிக்கிறது யாருண்ணே?"

தர்க்கத்துக்கு உடையப்பனிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. வைரவனின் உதடு பிளந்தது, சுவரெல்லாம் ரத்தம். இரண்டாவது குத்துக்குக் கை ஓங்கியது. மூச்சு வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, நகம் நீலமாகி, சாக்குமூட்டை போலச் சரிந்தார். அப்போதும் கை மடங்கியே இருந்தது.

ரத்தத்தைத் துப்பியபடி வைரவன் தலைப்பக்கம் தூக்க, வீங்கிய தாடையோடு செய்கு முகம்மது கால்பக்கம் தூக்கினார்.

கிளினிக்கில் முகத்தில் மாஸ்க் மாட்டி, ஊசி குத்தி, மூச்சைத் திரும்ப வரவழைத்தபின் டாக்டர் கேட்டார்: "மீதி மாத்திரை எங்க?"

"இவர் வயித்துல பாதி, என் வயித்துல பாதி டாக்டர்," என்றான் வைரவன், கிழிந்த உதட்டால்.

டாக்டர் செய்கு முகம்மதுவின் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தார். பார்த்ததும் முகம் சிவந்தது. பிறகு உடையப்பனிடம் திரும்பினார். "சத்தம் நின்னுச்சே தவிர உள்ள வீக்கம் நிக்கல. இனி ஒருதடவை இப்படி வந்தீங்கன்னா சாரத்துல ஏற விடமாட்டேன், ஊருக்குத்தான் அனுப்புவாங்க. அதுவும் உசுரோட இருந்தா." புதிய மாத்திரைப் பட்டையை வைரவனிடம் கொடுத்தார். "இது உங்ககிட்ட இருக்கட்டும். தினமும் உங்க கண் முன்னாடி இவர் முழுங்கணும்."

மறுநாள் காலை, அதே சாப்பாட்டுக் கூடம். உடையப்பன் குபூஸ் ரொட்டியும் பருப்பும் தின்று முடித்தார். தையல் போட்ட உதட்டோடு வைரவன் எதிரே வந்து நின்றான். எதிர்மேசையில் அந்த முன்பல் போனவன்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"நீட்டுங்கண்ணே."

கை மடியிலேயே கிடந்தது.

"வாயிலயே ஊட்டி விடட்டுமா? டியூட்டி பஸ் வந்துரும்."

உடையப்பன் தட்டைப் பார்த்தார். கை மெல்ல மேசைக்கு வந்தது. முதலில் சுண்டுவிரல் நிமிர்ந்தது, அப்புறம் மற்றவை. வைரவன் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி உள்ளங்கையில் போட்டுவிட்டுப் பட்டையை மடித்தான்.

"ஏழுதான்டா இருக்கு," என்றார் உடையப்பன், யாருக்கும் கேட்காத குரலில். எட்டாவது விழும்வரை விரித்த கை அப்படியே இருந்தது.