மூணாவது லைன் ஃபுட்

மெஷின் ஃபுட் விற்பவன் “எந்தத் துணி?” என்று கேட்டால் வாங்க வந்தவருக்கு அன்றைக்கே கோபம் வரும், கேட்காவிட்டால் மறுநாள் வரும்.

ஃபுட் என்பது தையல் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பாதம். எக்ஸ்போர்ட் கம்பெனி வாசல்களில் தொழிற்சங்கத்துக்காக மைக் பிடித்த நான், இப்போது கொருக்குப்பேட்டையில் அதை விற்கிறேன். கல்லாவில் உட்கார்ந்து பேச்சு வாங்குகிறவர்களுக்கு என் பாடு புரியும்.

எந்த லைன்?

தேசம்மா காசிமேட்டுக்காரர். கம்பெனி ஆட்குறைப்பில் வெளியே வந்து, பழைய பவர் மெஷின் ஒன்று வாங்கியிருந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் ஒரு விசைப்படகுக்குத் தார்ப்பாய்க் கூரை தைத்தாக வேண்டும். சரியாக வந்தால் அந்தப் படகு முதலாளியின் மற்றப் படகுகளும் அவருக்கே. இல்லாவிட்டால் மறுபடி கம்பெனி வாசல்தான்.

“மூணாவது லைன் ஃபுட் ஒண்ணு குடு நைனா” என்றார். விசாரித்தேன். கம்பெனியில் மெஷின்கள் வரிசை வரிசையாக இருக்கும், அதில் மூணாவது லைனில் வருடக்கணக்காக அவர் தைத்ததெல்லாம் பேன்ட் ஜிப். ஃபுட்டை மெக்கானிக் தவிர யாரும் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒற்றைப் பக்கம் மட்டும் அழுத்துகிற ஜிப் ஃபுட்டைத் தவிர வேறு ஒன்று உண்டென்றே அவருக்குத் தெரியாது. சுவரில் தொங்கிய வகைகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அந்த மெக்கானிக்கு பொட்டிய இன்னாத்துக்குப் பூட்டி பூட்டி வெச்சான்னு இப்பத்தான் தெரியுது.”

சொற்பொழிவும் டெஃப்லானும்

இப்படி ஒரு வாய்ப்பை நான் விடுவேனா? தொழிலாளி கையில் ஒரே ஒரு தையலைக் கொடுத்துவிட்டு முழு உடுப்பையும் மறைக்கும் முதலாளித்துவத் தந்திரத்தை விளக்கினேன். நூல் சுற்றும் பாபின் வாங்க வந்தவர் பாபின் வாங்காமலே போய்விட்டார். முடிவில், தார்ப்பாய் போல ஒட்டும் துணியில் வழுக்கிச் செல்லும் வெள்ளை டெஃப்லான் ஃபுட்டைக் கொடுத்தேன்.

மறுநாள் அது அடி தேய்ந்து திரும்பி வந்தது. கயிறு வைத்து மடித்த ஓரத்தில் ஏற முடியாமல் நின்றுவிட்டதாம். துணியைக் கேட்ட நான் மடிப்பைக் கேட்கவில்லை.

“மூச்சு வாங்க ஒரு தபா நிறுத்திருந்தியானா, நானே சொல்லிருப்பேன் நைனா.”

திங்கட்கிழமை வா

இந்த முறை ரோலர் ஃபுட். அடியில் சின்னச் சின்ன உருளைகள். மேட்டில் உருண்டு ஏறிவிடும். எடுத்துக் கொடுக்கும்போது பழைய கம்பெனியின் லைன் இன்சார்ஜ் ஊசி வாங்க வந்தார். தேசம்மாவைப் பார்த்ததும், “வெளிய இன்னா கெடைக்கும்? புது ஆர்டர் வந்துகீது, திங்கக்கிழமை வா” என்றார். தேசம்மா ரோலர் ஃபுட்டை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். எனக்கு நாக்கு அரித்தது, அடக்கிக்கொண்டேன்.

“சார், ஃபுட்ட நானே மாத்திக்கலாமா?” என்று கேட்டார் தேசம்மா.

“அது மெக்கானிக் வேல.”

“அப்ப அவரையே தைக்கச் சொல்லு சார்.”

ஒரு வாளி கடல் தண்ணீர்

துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த படகில் கூரை கட்டியாயிற்று. நானும் பார்க்கப் போயிருந்தேன். படகு முதலாளி தையல் மேல் ஒரு வாளி கடல் தண்ணீரை ஊற்றி, அடியில் போய் உட்கார்ந்தார். அங்கே அப்படித்தான் சோதித்துப் பார்ப்பார்கள். தேசம்மாவும் குனிந்து அடியில் பார்த்தார். தையலில் ஒரு துளி திரண்டது. விழாமல் அங்கேயே நின்றது. முதலாளி வெளியே வந்து தலையைத் தடவிப் பார்த்தார், நனையவில்லை. “மத்த போட்டுங்களுக்கும் நீயே தச்சிடு.”

கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை. “தோழர்களே” என்று ஆரம்பித்தேன். படகு முதலாளி மிரண்டுபோய், “யாரும்மா இவரு?” என்றார். தேசம்மா தார்ப்பாயை இழுத்துக் கட்டியபடியே சொன்னார்:

“ஃபுட் விக்கிறவரு. மொதல்ல பேசுவாரு, அப்பால குடுப்பாரு.”

எத்தனையோ மேடைகளில் என்னை எப்படியெல்லாமோ அறிமுகம் செய்திருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாக ஒரு தோழரும் செய்ததில்லை.